இரண்டு முட்டையும் அரை அங்குலமும்

முட்டையை வேகவைப்பது என் மனைவி. உரிப்பது நான். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு நான் கடிகாரத்தைப் பார்க்கமாட்டேன் என்பதில் அவளுக்கு இருபது வருட அனுபவம் உண்டு. அதனால் அந்தப் பாதியைத் தன் கையில் வைத்துக்கொண்டு, யாராலும் கெடுக்க முடியாத வேலை என்று நினைத்து மீதிப் பாதியை என்னிடம் விட்டாள். அதையும் கெடுக்கலாம் என்று நான் காட்டினேன். துணியென்றால் ஒரு நூல் பிசகாமல் கழுத்து வெட்டுகிற கை இது. முட்டையென்றால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்துகொண்டு வரும். தட்டில் வைத்தால் மகள் ஒரு நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள்.

"அப்பா, இது முட்டையா நிலாவா? எத்தனை பள்ளம்."

"உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். சாப்பிடு."

"நீ தைக்கிற சட்டையும் இப்படித்தான் இருக்குமா?"

"என்கிட்ட சட்டை தைக்கிறவங்க யாரும் அதை வேகவச்சுக் கொண்டுவரல."

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு இது. மூன்று மாதமாக நடந்தது. இப்போது நடக்குமா என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்வதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பள்ளிச் சீருடை தைக்கும் கடை ஒன்றில் கட்டிங் மாஸ்டர். ஆறு தையல் மெஷின்கள், ஒரு நீள மேசை, இஸ்திரி போடுகிற அண்ணன் ஒருவர், நான். கழுத்தில் டேப், சட்டைப்பையில் சாக்குக்கட்டியும் தையல் பிரிக்கிற சின்னக் கத்தியும். சீருடைக் கடையில் நான் தினமும் கேட்கிற வாக்கியம் ஒன்றுதான். "வளர்ற பிள்ளை மாஸ்டர், உள்ள கொஞ்சம் துணி விட்டுத் தைங்க." நான் விடுவேன். பேன்ட்டின் பின்பக்க நடுத் தையலில் பக்கத்துக்கு மூன்று அங்குலம் உள்ளே மடித்துவிட்டால், பிள்ளை எவ்வளவு பெருத்தாலும் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாம். பெற்றவர்களுக்குப் புதுத் துணிச் செலவு மிச்சம். எனக்கு நல்ல பெயர்.

என் மகளுக்குப் பதினைந்து வயது. ஒரே பிள்ளை. அவளுக்கு மூன்றரை அங்குலம் விட்டேன். மாஸ்டர் வீட்டுப் பிள்ளை அல்லவா.

இரண்டு வருடத்தில் மூன்று முறை பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பக்கத்துக்கு அரை அங்குலம். "இஸ்திரி போட்டுட்டு வரேன்" என்று கடைக்கு எடுத்துப்போவேன், மாலையில் கொண்டுவருவேன். அவளுக்குத் தெரியாது. பட்டன் எப்போதும் போல மாட்டும். மூன்று தடவையையும் சேர்த்தால் இடுப்பு மூன்று அங்குலம் கூடியிருக்கிறது என்று கூட்டிப்பார்க்க எனக்குத் தோன்றவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் அளவெல்லாம் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். என் பிள்ளை அளவு மட்டும் மனதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மனதில் இருந்தது அவளுடைய பதிமூன்று வயது அளவு.

என் சொந்தப் பேன்ட்டுக்கும் இதே கைவேலைதான். பத்து வருடமாகப் பிரித்துப் பிரித்து, கல்யாணத்தன்று இருந்த அளவுதான் இன்றைக்கும் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். தொப்பை இருக்கிறதே என்றால், அது நிற்கிற விதம் என்பேன்.

இப்படி இருக்கும்போது பள்ளிக்கூடத்தில் உடல்பரிசோதனை நடந்தது. நர்ஸ் ஒட்டிய உறையில் ஒரு காகிதம் கொடுத்தனுப்பியிருந்தார்: வயதுக்கு எடை அதிகம், ரத்தம் பரிசோதிக்கவும். என் மனைவி படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். அவள் பார்சல் அலுவலகத்தில் கவுண்ட்டரில் இருப்பவள். பெட்டியைக் கையில் தூக்கிப்பார்த்தே எத்தனை கிலோ என்று சொல்லிவிடுவாள், தராசு சும்மா சாட்சிக்கு.

"நாள் முழுக்க எடை போடுறவ ஒருத்தி," என்றாள். "நாள் முழுக்க அளவெடுக்குறவன் ஒருத்தன். நம்ம பொண்ணு எப்படி இருக்கான்னு பள்ளிக்கூடத்துல இருந்து எழுதி அனுப்ப வேண்டியிருக்கு."

"வளர்ற வயசும்மா."

"கடைக்கு வர்றவங்க சொல்றதை என்கிட்ட சொல்லாதீங்க."

ரத்தம் எடுத்தார்கள். முடிவோடு டாக்டரிடம் போனோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவைத்துக்கொண்டு பேசுகிற அம்மா அவர். காகிதத்தைப் பார்த்துவிட்டு எங்களிடம் பேசாமல் மகளிடம் பேசினார்.

"வெறும் வயித்துல சர்க்கரை நூத்தியெட்டு. நூறுக்குள்ள இருக்கணும். ரத்தத்துல கொழுப்பும் கொஞ்சம் ஏறியிருக்கு. இது இன்னும் வியாதி இல்ல. வாசல்ல வந்து நிக்குது. உள்ள வான்னு கூப்பிடாம இருந்தா திரும்பிப் போயிடும். காலையில என்ன சாப்பிடுவே?"

"ஜாம் தடவின பன்னு ரெண்டு," என்றேன் நான். "அப்புறம் சர்க்கரை போட்ட பால்."

"சார், அவளுக்கு வாய் இருக்கு."

மகள் மெதுவாக, "சில நாள் மூணு," என்றாள்.

டாக்டர் சொன்னது எளிது. காலையில் பன்னுக்கும் இனிப்புப் பாலுக்கும் பதில் இரண்டு முட்டை, கூடவே ஏதாவது காய். இனிப்புத் தண்ணீர் பாட்டில் வேண்டாம். முடிந்தவரை நடக்கணும். நேரத்துக்குத் தூங்கணும்.

"முட்டைல மாயமெல்லாம் ஒண்ணும் இல்ல," என்றார். "அது மதியம் வரைக்கும் வயித்தைத் தாங்கும். பத்து மணிக்குக் கேன்டீன் பக்கம் கால் போகாது. அவ்வளவுதான். இன்னொண்ணு. வீட்டுல எடை பாக்காதீங்க, இடுப்பு அளக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு நானே பாக்குறேன். வெளிய தெரியறதுக்கு முன்னாடி உள்ள மாறும். அது வரைக்கும் இவ கண்ணாடியைப் பாத்து மனசு விட்டுடக் கூடாது." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க என்ன வேலை?"

"டெய்லரிங்."

"அப்ப உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன். டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க."

இந்த ஒரு சொல்லை நான் மீறவில்லை. டேப் ஒருநாளும் வீட்டுக்கு வரவில்லை. பேன்ட்தான் கடைக்குப் போனது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கோளாறு மஞ்சள் கருவில் ஆரம்பித்தது. கடையில் இஸ்திரி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "மஞ்சக்கரு முழுக்கக் கொழுப்பு மாஸ்டர். வெள்ளையை மட்டும் குடுங்க," என்றார். டாக்டர் படித்தது எத்தனை வருடம், இஸ்திரி அண்ணன் படித்தது எத்தனை வருடம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. அவர் சொன்னவிதத்தில் ஒரு நிச்சயம் இருந்தது. மறுநாளிலிருந்து உரித்த முட்டையைப் பிளந்து, மஞ்சளை எடுத்துவிட்டு, வெள்ளையைச் சேர்த்து மூடித் தட்டில் வைத்தேன். எடுத்த மஞ்சளை என்ன செய்வது? தூக்கிப்போட மனம் வரவில்லை. பாத்திரம் கழுவும் தொட்டி பக்கம் திரும்பி நின்று நானே தின்றேன்.

பத்து நாள். இருபது மஞ்சள் கரு. தினமும் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை போடுகிறவன் நான்.

பதினோராம் நாள் மனைவி சமையலறைக்குள் வந்தபோது என் வாய் நிறைய இருந்தது. வெந்த மஞ்சள் கரு தொண்டையில் எப்படி அடைக்கும் என்று தின்றவருக்குத்தான் தெரியும். பேச்சு வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. அவள் பதறிப்போய் முதுகில் தட்டி, தண்ணீர் கொடுத்து, மூச்சு சீரானதும் விசாரணையை ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து மகள் சொன்னாள்: "அதான் எனக்கு பத்து மணிக்கே பசிக்குதா? நான் ஒரு வாரமா கேன்டீன்ல பன்னு வாங்கிட்டு இருக்கேன்."

"யாருக்கு வைத்தியம் நடக்குதுன்னே தெரியல இந்த வீட்டுல," என்றாள் மனைவி. கிளினிக்குக்கு போன் செய்து கேட்டாள். முழு முட்டை, மஞ்சளோடு, அவளுக்கு. உங்கள் வீட்டுக்காரர் அவருடைய டாக்டரைப் பார்க்கட்டும் என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகு ஒழுங்காக நடந்தது. மகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்றாள். மிளகுத்தூள் போட்டு, வெங்காயம் போட்டு, ஒருநாள் வெறும் உப்போடு. கேன்டீன் பக்கம் போகவில்லை. ஆனால் ஐந்தாவது வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, தட்டைத் தள்ளிவைத்தாள்.

"போதும்ப்பா. எனக்கு முட்டை நாத்தமே பிடிக்கல. ஒண்ணும் மாறல. இந்தா பாரு." பேன்ட் பட்டன் அருகே விரலை விட்டுக் காட்ட முயன்றாள். விரல் போகவில்லை. "அப்படியே இருக்கு. வகுப்புல உக்காந்தா குத்துது. எதுக்கு நான் இதைத் தின்னணும்?"

"டாக்டர் உள்ள மாறும்னாங்கள்ல."

"உள்ள போய்ப் பாத்தியா நீ?"

அன்று ஒரு முட்டையைப் பாதி தின்றுவிட்டுப் போனாள். சாயங்காலம் பையிலிருந்து பன் சுற்றிய காகிதம் கிடைத்தது. நான் அதைக் கசக்கிக் குப்பையில் அடியில் போட்டு மேலே வெங்காயத் தோலை மூடினேன். என் மனைவியிடமிருந்து மறைத்தேனா, என்னிடமிருந்தே மறைத்தேனா என்று கேட்காதீர்கள்.

இவள் விட்டுவிட்டால் அந்த நூற்றியெட்டு என்ன ஆகும் என்று மட்டும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் அவளுடைய இரண்டு பேன்ட்டையும் இஸ்திரிக்கு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டில் கிடந்த எலாஸ்டிக் வைத்த விளையாட்டுப் பேன்ட்டில் அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில், பின்பக்கத் தையலைப் பிரித்தேன். பக்கத்துக்கு அரை அங்குலம் விட்டு மறுபடி தைத்தேன். எனக்குப் பத்து நிமிட வேலை. பழைய தையல் கோட்டின்மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரி அண்ணன் ஒரு இழு இழுத்தார். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

புதன்கிழமை காலை கண்ணாடி முன்னால் நின்றவள் கத்தவில்லை, குதிக்கவில்லை. பட்டனைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். பிறகு சமையலறைக்கு வந்து, "அம்மா, ஒரு விரல் போகுது," என்றாள். இரண்டு முட்டையையும் தின்றாள். பள்ளத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

என் மனைவி என்னைப் பார்த்தாள். பார்சலைத் தூக்கிப்பார்ப்பது போல ஒரு பார்வை. நான் ஓடுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

அடுத்த வாரம் மகள் பள்ளி வேனில் போவதை நிறுத்திவிட்டு நடந்து போக ஆரம்பித்தாள். யாரும் சொல்லவில்லை. "நடந்தா இன்னும் குறையும்ல," என்றாள். போக இருபத்தைந்து நிமிடம், வர இருபத்தைந்து நிமிடம். எனக்கு அப்போது வந்த தைரியத்தை என்னவென்று சொல்வது. ஒன்பதாவது வாரம் அவள் கொஞ்சம் சோர்ந்தது போலத் தெரிந்ததும் இன்னொரு தடவை பிரித்தேன். இப்போது இரண்டு விரல் போனது. பேன்ட் இடுப்பை ஊக்கு குத்தி இறுக்கிக்கொண்டாள். தோழிகளிடம் போனில், "ரெண்டு இன்ச்," என்று சொல்வது கேட்டது. பக்கத்து அறையில் உட்கார்ந்து நான் பூரித்துக்கொண்டிருந்தேன், ஏதோ அந்த இரண்டு அங்குலத்தை நானே நடந்து குறைத்த மாதிரி.

மூன்று மாதம் முடிந்து ரத்தம் கொடுத்தோம். இன்றைக்கு டாக்டரிடம் போனோம். மகள் ஊக்கு குத்திய பேன்ட்டைத்தான் போட்டுக்கொண்டு வந்தாள். காட்டுவதற்கு.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "தொண்ணூத்தாறு," என்றார். "கொழுப்பும் இறங்கியிருக்கு. வாசல்ல நின்னவன் தெருமுனை வரைக்கும் போயிட்டான். நல்லா பண்ணியிருக்கே."

என் மனைவி கைப்பையின் வாரை இறுகப் பிடித்திருந்தவள், விட்டாள். மகள் சிரித்தாள். அந்த இடத்தில் எழுந்து வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் நர்ஸ் தராசையும் டேப்பையும் எடுத்தார்.

"எடை, முக்கால் கிலோ குறைவு. இடுப்பு போன தடவை தொண்ணூத்தி ரெண்டு சென்டிமீட்டர். இப்ப தொண்ணூத்தி ஒண்ணு."

"இல்லையே," என்றாள் மகள். "ரெண்டு இன்ச் குறைஞ்சிருக்கணும். அஞ்சு சென்டிமீட்டர். பாருங்க, ஊக்கு குத்தியிருக்கேன்."

நர்ஸ் மறுபடி அளந்தார். தொண்ணூற்றியொன்றுதான். டாக்டர், "ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சதே நல்ல விஷயம்மா. நான்தான் சொன்னேனே, இதுக்கு இன்னும் நாள் ஆகும்," என்றார். சொல்லிக்கொண்டே ஊக்கைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். சுவரில் கல்லீரல் படம் ஒன்று மாட்டியிருந்தது. நான் அதை மிகுந்த அக்கறையோடு படித்தேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து ஊக்கைக் கழற்றுவதும் குத்துவதுமாக இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நானும் மனைவியும் முன்னறையில் உட்கார்ந்திருந்தோம். அவள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் மடிக்க உதவினேன், அதாவது அவள் மடித்ததை எடுத்து வேறு இடத்தில் வைத்தேன்.

கால்மணி நேரத்தில் மகள் வெளியே வந்தாள். வேறு உடை மாற்றியிருந்தாள். சீருடைப் பேன்ட்டை உள்புறம் வெளியே திருப்பிக் கையில் வைத்திருந்தாள். ஜன்னலருகே போய், பின்பக்கத் தையலை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள்.

இவள் சின்ன வயதில் என் வெட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து காந்தத்தால் குண்டூசி பொறுக்கி வளர்ந்தவள் என்பதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. தையலைப் பிரித்தாலும் ஊசி போன ஓட்டை துணியில் நிற்கும். இஸ்திரி அண்ணன் எத்தனை இழுத்தாலும் நிற்கும். வெளிச்சத்தில் பிடித்தால் வரிசை வரிசையாகத் தெரியும்.

"அஞ்சு வரிசை இருக்கு," என்றாள். "என்னப்பா இது?"

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தலையணை உறையை நான்காக மடித்தாள். "கேக்குறாள்ல. சொல்லுங்க," என்றாள்.

"கடைசி ரெண்டு," என்றேன், "நீ முட்டை வேண்டாம்னு தள்ளுனப்ப பண்ணது. விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு."

"முதல் மூணு?"

"அது முன்னாடி. ரெண்டு வருஷமா. உனக்கு பட்டன் இறுக்கக் கூடாதுன்னு."

"எனக்குத் தெரியக் கூடாதுன்னு."

"எனக்கும்தான்மா தெரியக் கூடாதுன்னு."

அவள் பேன்ட்டைக் கீழே இறக்கினாள். என் மகள் எனக்கு எப்போதும் நீ, வா, போதான். கோபம் முற்றினால் மட்டும் மரியாதை கொடுப்பாள். வருடத்துக்கு ஒருமுறை நடக்கும்.

"நீங்க வச்ச ஒரு விரலுக்காக நான் ஆறேழு வாரமா நடந்திருக்கேன்," என்றாள். "வேன்ல எல்லாரும் கையாட்டிட்டுப் போவாங்க. நான் வேர்க்க வேர்க்க நடந்தேன். குறையுதுன்னு நினைச்சு."

"அதனாலதான்மா ரத்தத்துல குறைஞ்சிருக்கு. அது நிஜம். டாக்டரே சொன்னாங்கள்ல."

"அது மட்டும் நிஜம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ரத்தத்துல நான் எப்படிம்மா கை வைக்க முடியும்?"

"முடிஞ்சிருந்தா வச்சிருப்பீங்க."

உண்மைதான். முடிந்திருந்தால் வைத்திருப்பேன்.

"டேப் எங்க?" என்றாள்.

"கடையில."

"இதெல்லாம் எங்க வச்சுப் பண்ணீங்க?"

"கடையிலதான். டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்கள்ல."

என் மனைவி மடித்த உறையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். உறை குலுங்கியது. மகள் சிரிக்கவில்லை. உதட்டோரம் ஏதோ அசைந்தது போலத் தெரிந்தது. எனக்கு வேண்டியதைப் பார்க்கிற பழக்கம் என் கண்ணுக்கு உண்டு என்பதால் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

நாளைக்கு என்ன செய்வாள்? அது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தொண்ணூற்றாறு அவளுடையது. அவள் தின்றது, அவள் நடந்தது. அதை என் அரை அங்குலத்தோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிடுவாளோ என்று பயந்தேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் மாஸ்டர், எனக்கு வந்தது வேறு கேள்வி.

"நாளைக்குக் காலையில," என்றேன், "ரெண்டு உரிக்கட்டுமா?"

அவள் பேன்ட்டை உள்புறம் வெளியே தெரிகிற மாதிரியே இரண்டாக மடித்துத் தோளில் போட்டாள். என் அருகில் வந்தாள். என் சட்டைப்பையில் விரலை விட்டு, சாக்குக்கட்டியை அங்கேயே விட்டுவிட்டு, தையல் பிரிக்கிற கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு அறையைவிட்டுப் போனாள்.